புதுக் கோச்சை எடைபோடும் மச்சான்களுக்கு

சென்னை, நவம்பர் 2025

நீலச் சட்டை மச்சான்களுக்கும், கேலரிக்குப் பிள்ளைகளோடு வரும் அக்கா தங்கைகளுக்கும்,



மோகன் பகானிடம் 0-2. ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. கிளிஃபோர்டு மிராண்டா சென்னையின் எஃப்.சி.யின் தலைமைப் பயிற்சியாளரான பிறகு நாம் பார்த்த முதல் 180 நிமிடங்கள் இவைதாம். கோவாவில் நடந்த சூப்பர் கோப்பைக்குச் சற்று முன்னால்தான் வந்தார். வந்த வேகத்தில் ஆறு கோல் வாங்கியாயிற்று, ஒன்றுகூடப் போடவில்லை. நம் ஆட்களில் பாதிப்பேர் தீர்ப்பும் எழுதிவிட்டார்கள்.

தீர்ப்பு இரண்டு வகை. கிளப்பிடம் காசு இல்லை, அதனால்தான் உள்நாட்டுக் கோச், இவர் மூன்று மாதம் தாங்கினால் பெரிது என்பது ஒன்று. நம் கிளப்பின் முதல் நிரந்தர இந்தியத் தலைமைப் பயிற்சியாளர் இவர், வாயை மூடிக்கொண்டு ஆதரிக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டுமே அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிய தீர்ப்புகள். ஆட்டத்தைப் பார்த்துச் சொன்னவை அல்ல. முதல் வகைக்காரர்கள் 0-4ஐச் சாட்சிக்கு இழுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் ஆட்டத்தை வைத்துக் கோச்சை அளக்கும் உரிமை வேறு எந்த ஊர் ரசிகனுக்கு இருந்தாலும் நமக்குக் கிடையாது. நம் கிளப்பின் கதை அப்படி. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், புதிதாகச் சேர்ந்த தம்பிகள் கேட்கட்டும்.

2015 அக்டோபர் 3. நேரு ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனின் முதல் ஆட்டம். அட்லெட்டிகோ டி கொல்கத்தாவிடம் 2-3 என்று தோற்றோம். கோச் மார்கோ மெட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிடானிடம் நெஞ்சில் முட்டு வாங்கிய அதே இத்தாலிக்காரர். முந்தைய ஆண்டு லீக் சுற்றில் முதலிடம் பிடித்துக் கொடுத்திருந்தார் என்றாலும் 2015ன் நடுவில் நாம் பட்டியலின் அடியில் கிடந்தோம். கோச் வேலை இவருக்கு என்ன தெரியும், பெயருக்காகக் கூட்டிவந்தது என்று பேச்சு கிளம்பியது. அப்புறம் தொடர்ந்து ஜெயித்து அரையிறுதிக்குள் நுழைந்தோம். டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடந்ததால் நம் சொந்த மண்ணில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. அங்கே கொல்கத்தாவை 3-0. டிசம்பர் 20 அன்று ஃபதோர்டாவில், கோவாவின் சொந்த மைதானத்தில் இறுதியாட்டம். 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. 90ஆம் நிமிடத்தில் அவர்களுடைய கோல்கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. இஞ்சுரி டைமில் நம் மென்டோசா அடித்தார். 3-2.

2017 நவம்பர் 19. ஜான் கிரிகரியின் முதல் ஆட்டம், மறுபடியும் நம் மைதானம், எதிரில் கோவா. இடைவேளைக்குள் 0-3. இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவை 2000ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதிவரை கொண்டுபோனவர் என்று சொல்லிக் கூட்டிவந்தார்களே, இதுதானா என்று கேலரியில் முனகல். இரண்டாம் பாதியில் இரண்டு கோல் திரும்பி வந்தது, முடிவு 2-3. அந்த சீசன் எங்கே முடிந்தது? 2018 மார்ச் 17, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் இறுதியாட்டம், எதிரில் பெங்களூரு எஃப்.சி. அவர்களுடைய சேத்ரி 9ஆம் நிமிடத்தில் கோல் போட, நம் மெயில்சன் இரண்டு கார்னர்களில் தலையால் இரண்டு முட்டினார், ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. 3-2. வியாசர்பாடி தனபால் கணேஷ் அந்த நடுக்களத்தில் இருந்தார் என்பதை நம்மில் பலர் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், சொல்லத்தான் வேண்டும்.

கவனித்தீர்களா? நாம் ஜெயித்த இரண்டு கோப்பைகளும் சொந்த மண்ணில் 2-3 தோல்வியில் தொடங்கி, எதிராளியின் மண்ணில் 3-2 வெற்றியில் முடிந்தவை. ஜாதகக்காரனிடம் கொடுத்தால் ஒரு புத்தகம் எழுதுவான்.

இதன் மறுபக்கம் இன்னும் வேடிக்கை. 2020ல் சாபா லாஸ்லோ வந்தார். உகாண்டா தேசிய அணியையும் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கிளப்பையும் நடத்தியவர். முதல் ஆட்டம் ஜாம்ஷெட்பூரோடு. அந்த அணியின் கோச் யார்? முந்தைய சீசனில் நம்மை இறுதிக்குக் கொண்டுபோய்விட்டு, நம் கோல் மிஷின் வால்ஸ்கிஸையும் கூட்டிக்கொண்டு கிளம்பிய ஓவன் காயில். முதல் நிமிடத்திலேயே நம் தாப்பா அடித்தார், அப்புறம் ஒரு பெனால்டி, 2-1 வெற்றி. பழி தீர்த்த சந்தோஷம் நமக்கு. அந்த சீசனில் 20 ஆட்டங்களில் மொத்தமே மூன்று வெற்றிதான் வரும் என்று அன்று இரவு யார் நினைத்தோம்?

அடுத்த ஆண்டு போஜிதார் பாந்தோவிச். தாய்லாந்தில் புரிராம் யுனைடெட்டோடு லீக் பட்டங்கள் வாங்கியவர். முதல் ஆட்டத்தில் ஹைதராபாதை 1-0, பெனால்டியில். அந்த ஹைதராபாத்தான் அந்த சீசனின் சாம்பியன். இரண்டாவது ஆட்டமும் வெற்றி. பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 வாங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்ச ஆட்டங்களுக்கு நம்மூர் சாபிர் பாஷா நின்றார். இந்த இரண்டு கோச்சுகளையும் நேரு ஸ்டேடியத்தில் நாம் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்கவில்லை. கொரோனா காலத்தில் லீக் முழுக்கக் கோவாவில், ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. டி.வி. பெட்டி வழியாகவே வரவேற்றோம், அதன் வழியாகவே திட்டி அனுப்பினோம்.

2022ல் தாமஸ் பிர்தாரிச். ஜெர்மனிக்கு ஆடியவர், அல்பேனியாவில் விலாஸ்னியா கிளப்போடு கோப்பைகள் வென்றவர். முதல் ஐ.எஸ்.எல். ஆட்டம் கொல்கத்தா சால்ட் லேக்கில். ஏ.டி.கே. மோகன் பகானை அவர்கள் ஊரிலேயே 2-1. பின்தங்கியிருந்து, ஒரு பெனால்டியில் சமன் செய்து, ரஹிம் அலியின் கோலில் ஜெயித்தது. அந்த மோகன் பகான்தான் அந்த ஆண்டின் கோப்பையை வென்றது. ஆஹா, ஆள் கிடைத்துவிட்டார் என்று குதித்தோம்.

மூன்று கோச்சுகள், மூன்று முதல் ஆட்ட வெற்றிகள், மூன்றிலும் ஆளுக்கொரு பெனால்டி. மூவரின் சீசனும் முடிந்த இடம் எட்டாவது. மூன்று வருடமும் அதே எட்டாவது!

காயில் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023ல் அவர் இரண்டாம் முறை வந்தபோது ஐ.எஸ்.எல்.லில் முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. ஆறாவது இடம் பிடித்துப் பிளே-ஆஃபுக்குப் போனோம். அடுத்த ஐ.எஸ்.எல். சீசன் ஒடிசாவில் 3-2 வெற்றியோடு ஜோராகத் தொடங்கியது. 13 அணிகளில் 11ஆவதாக முடிந்தது.

தோற்றுத் தொடங்கினால் கோப்பை என்று நான் சூத்திரம் எழுதவில்லை. ஆட்கள் கிளம்பிவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிரிகரியின் இரண்டாவது சீசனும் தோல்வியில்தான் தொடங்கியது. அது 18 ஆட்டங்களில் ஒன்பது புள்ளி, கடைசி இடம் என்று முடிந்தது. அப்போதும் 'போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பிச்சோம்' என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம். ஈஸ்ட் பெங்காலிடம் வாங்கிய நாலு கோலை சகுனம் என்று துடைத்துவிட முடியாது. அந்த ஆட்டத்தில் நாம் மோசமாக ஆடினோம், அவ்வளவுதான். நான் சொல்வது ஒன்றே ஒன்று: முதல் ஆட்டத்தின் முடிவுக்கும் கோச்சின் தரத்துக்கும் நம் ஊரில் இதுவரை எந்த உறவும் இருந்ததில்லை.

ஏன் இல்லை என்பதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவில் பெரும்பாலும் பாதி சீசனில், கிளப் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கோச்சை மாற்றுவார்கள். அந்த நிலையிலிருந்து மேலே வருவதுதான் இயல்பு. பெயர் மட்டும் புதுக் கோச்சுக்குப் போய்ச் சேரும். நம்மிடம் பெரும்பாலும் சீசனுக்கு முன்னால்தான் மாற்றம். அத்தோடு அணியில் பாதியும் மாறிவிடும். வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் பலருக்கு ஒரு வருட ஒப்பந்தம்தான். முதல் வாரத்தில் எதிரணியும் புதிது, நாமும் புதிது, யார் எங்கே ஓடுவார் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குழப்பத்தில் ஒரு பெனால்டி யாருக்கு விழுகிறதோ அவர் கை ஓங்கும். நாலைந்து வாரம் போய், மற்ற கோச்சுகள் நம் வீடியோவைப் போட்டுப் பார்த்த பிறகுதான் உண்மையான சோதனை. லாஸ்லோவும் பாந்தோவிச்சும் பிர்தாரிச்சும் வழுக்கியது அந்த இடத்தில்தான்.

இனி கிளிஃபோர்டுக்கு வருவோம்.

கோவாக்காரர். டெம்போ கிளப்பின் பொற்காலத்தில் அர்மாண்டோ கொலாசோவின் கீழ் ஆடியவர், இந்தியாவுக்கும் ஆடியவர். கோச்சாக அவர் வாழ்க்கையைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 2020 ஜனவரிக் கடைசியில் கோவா கிளப் செர்ஜியோ லொபேராவை நீக்கியது. உதவிப் பயிற்சியாளராக இருந்த கிளிஃபோர்டிடம் அணி வந்தது. ஜாம்ஷெட்பூரில் 5-0 என்று ஜெயித்து லீக் சுற்றின் முதலிடத்துக்கான ஷீல்டைக் கையில் வாங்கினார்கள். அந்த ஷீல்டுதான் கோவாவை ஏசியன் சாம்பியன்ஸ் லீகின் குழுச்சுற்றுக்கு அனுப்பியது. இந்தியக் கிளப் ஒன்று அங்கே ஆடியது அதுவே முதல் முறை. சீசனின் பெரும்பகுதி உழைப்பு லொபேராவுடையது, அதை மறுக்க முடியாது. ஆனால் அடுத்த சீசனுக்குக் கோவா யாரைப் போட்டது? ஸ்பெயினின் ஹுவான் ஃபெராண்டோவை.

2023 மார்ச்சில் ஒடிசாவில் ஜோசப் கொம்பாவ் போனார். மறுபடியும் இடைக்காலத்துக்குக் கிளிஃபோர்டு. ஏப்ரல் 25, கோழிக்கோடு, சூப்பர் கோப்பை இறுதியாட்டம். பெங்களூருவை 2-1. ஒடிசாவின் முதல் கோப்பை அது. நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் அந்த அணியில் ஆடியவர். அடுத்த சீசனுக்கு ஒடிசா கூட்டிவந்தது யாரை? லொபேராவை. கோவாவில் யாருடைய நாற்காலியைக் கொஞ்ச நாள் காத்தாரோ, அதே மனிதருக்கு ஒடிசாவில் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார் கிளிஃபோர்டு. போனது மோகன் பகானுக்கு, உதவிப் பயிற்சியாளராக. யாருக்கு உதவி? ஃபெராண்டோவுக்கு! ஃபெராண்டோவை அங்கே நீக்கியபோது, புதுக் கோச் ஹபாஸ் வந்து சேரும்வரை 2024 ஜனவரி சூப்பர் கோப்பையில் நின்றவரும் இவர்தான். இதைக் கதையாக எழுதினால் நம்பும்படி இல்லை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆக, முதல் அபிப்பிராயம் என்ற பரீட்சையில் கிளிஃபோர்டு இரண்டு ஊர்களில் முதல் வகுப்பில் தேறியவர். வந்த சில வாரங்களிலேயே ஒரு ஷீல்டும் ஒரு கோப்பையும். ஐ.எஸ்.எல்.லில் ஒரு முழு சீசன் என்கிற பெரிய பரீட்சையைத்தான் அவரை யாரும் எழுதவிடவில்லை. அவரால் அணியைக் கட்ட முடியுமா, நவம்பரில் போட்ட திட்டம் ஜனவரியில் உடைந்தால் வேறொன்று கைவசம் இருக்கிறதா, காயம்பட்ட டிஃபெண்டருக்குப் பதில் யாரை வளர்க்கிறார் என்பதெல்லாம் முழு சீசனில்தான் வெளிப்படும். நம்மிடம் வந்த பிறகுதான் கிளப் கோச்சாக அவருக்கு முதல் தடவையாக மோசமான தொடக்கம். நம் கிளப்பின் கதையைப் பார்த்தால் இதுகூட நல்லதுக்குத்தான் என்று சிரித்துக்கொள்ளலாம், ஆனால் சகுனம் பேசமாட்டேன் என்று மேலே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நம்மை அவருக்கும் அவரை நமக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2020ல் நாம் அரையிறுதியில் எதிர்கொண்ட கோவாவின் கோச் இதே கிளிஃபோர்டுதான். சென்னையில் நடந்த முதல் ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் 25 நிமிடங்களுக்குள் நாலு கோல் அடித்தோம்: கோயான், தாப்பா, எலி சாபியா, சாங்டே. 4-1. ஃபதோர்டாவுக்குப் போகும்போது நாம் பாதி இறுதியாட்டத்தில் இருந்தோம். அங்கே 21 நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கினோம். சாங்டேயும் வால்ஸ்கிஸும் இடைவேளைக்குப் பிறகு அடித்து மூச்சு வாங்க விட்டார்கள். முடிந்துவிட்டது என்று நாற்காலியில் சாய்ந்த நேரத்தில் 81ல் ஒன்று, 83ல் ஒன்று. 2-4. இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தப்பினோம். மூன்று கோல் பின்தங்கிய அணியை நம் கழுத்துவரை கொண்டுவந்து நிறுத்திய மனிதர் அவர். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்த யாரும் இவருக்குத் தாக்குதல் ஆட்டம் வராது என்று சொல்லமாட்டார்கள்.

காசு இல்லாததால் வந்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன், அதில் உண்மை இருக்கிறது. ஐ.எஸ்.எல். 2025-26 சீசனை ஜூலையிலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் லீகை நடத்தும் நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. நம் கிளப்போ ஆகஸ்டில் தன் செயல்பாடுகளையே காலவரையின்றி நிறுத்திவைத்தது. புது உரிமைக்கு டெண்டர் விட்டார்கள், கடைசி நாள் வரை ஒருவரும் கேட்டு வரவில்லை. இப்படி ஒரு வருடத்தில் ஐரோப்பாவிலிருந்து பெரிய பெயர் ஒன்று, எப்போது ஆட்டம் என்றே தெரியாத லீகுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருமா? வராது. எனவே, ஆம், நிலைமைதான் இவரைக் கொண்டுவந்தது. காலித் ஜமீலை ஆகஸ்டில் இந்திய அணிக்குக் கோச்சாகப் போட்டதிலும் நிலைமைக்குக் கொஞ்சம் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். சாவியோ மெடெய்ராவுக்குப் பிறகு காலித் வரும்வரை அந்த நாற்காலியில் இந்தியர் யாரும் நிரந்தரமாக உட்கார்ந்ததில்லை. எப்படி வந்தார் என்பது வேறு, வந்தவர் யார் என்பது வேறு. ஐஸால் போன்ற சின்ன ஊர்க் கிளப்பை 2017ல் ஐ-லீக் சாம்பியனாக்கியவர் காலித், அதை எந்த நிலைமையும் அவருக்குச் செய்து கொடுக்கவில்லை.

பேரும் புகழும் உள்ள வெளிநாட்டுக்காரர்களின் பட்டியல் நம்மிடம் நீளம். அவர்களில் நமக்குக் கோப்பை கொடுத்த மெட்டராஸிக்குச் சென்னைக்கு வருமுன் கோச் அனுபவமே கிடையாது. பட்டங்களோடு வந்த பாந்தோவிச்சுக்கு ஒரு முழு சீசன்கூட இங்கே ஓடவில்லை. பயோடேட்டாவைப் பார்த்து மயங்குவதற்கும் பாஸ்போர்ட்டைப் பார்த்து முகம் சுளிப்பதற்கும் பெரிய தூரமில்லை.

சரி, எதைத்தான் பார்ப்பது என்று கேட்பீர்கள். கோல் கணக்கை விடுங்கள், கோச்சின் கைரேகை சீக்கிரம் தெரிகிற சில இடங்கள் உண்டு. கார்னரும் ஃப்ரீ-கிக்கும் முதலாவது. பந்து நின்ற இடத்திலிருந்து யார் ஓடுகிறார், யார் கோல்கீப்பரை மறைக்கிறார், இரண்டாவது பந்துக்கு யார் வெளியே காத்திருக்கிறார் என்பதெல்லாம் பத்து நாள் பயிற்சியில் வந்துவிடக்கூடியவை. 2018 இறுதியில் மெயில்சன் முட்டிய இரண்டும் தற்செயல் அல்ல. பந்தை இழந்த அடுத்த ஐந்து விநாடி இரண்டாவது. பாஸ் செய்து கட்டும் ஆட்டம் மாதக்கணக்கில் பிடிக்கும், ஆனால் இழந்ததும் திரும்பி ஓடுவது முதல் வாரத்திலிருந்தே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் தாராளமாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அப்புறம் 60ஆம் நிமிடம். பின்தங்கியிருக்கும்போது யாரை இறக்குகிறார், வழியில்லாமல் இறக்குகிறாரா, திட்டத்தோடா என்று பாருங்கள்.

காயில் 2019 டிசம்பரில் முதல் தடவை வந்தபோது செய்ததும் இதுதான். கிரிகரியிடம் முதல் நாலு ஆட்டம் ஒரு கோல்கூட அடிக்காமல் இருந்த அதே வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, செம்ப்ரி, சாங்டே. அவர்களை எங்கே நிறுத்தினார், எப்போது ஓடவிட்டார் என்பதுதான் மாறியது. முதல் ஆட்டம் ஜாம்ஷெட்பூரில் வெறும் 1-1. ஸ்கோரை மட்டும் பார்த்தவர்களுக்கு அன்று ஒன்றும் தெரிந்திருக்காது. வால்ஸ்கிஸ் அந்த சீசனை 15 கோலோடு முடித்தார்.

கிளப் நிர்வாகத்திடம் கேட்க நமக்கு நிறைய இருக்கிறது. கிளிஃபோர்டுக்கு ஒரு முழு சீசன் உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் குரலுக்கு மதிப்பு இருக்கட்டும், முன்பே வாங்கிவைத்த சரக்கை அவர் தலையில் கட்ட வேண்டாம். சாபிர் பாஷா போன்றவர்கள் இத்தனை வருடம் இந்த ஊரில் வளர்த்த பிள்ளைகளில் யாருக்கு வாய்ப்பு என்று சொல்லுங்கள். இந்தக் கேள்விகளை நம் ரசிகர் குழுக்களான சூப்பர் மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் ப்ளூஸும் ஒன்றாகச் சேர்ந்து கேட்டால் நிர்வாகம் காது கொடுக்காமல் போகாது. தனித்தனியாகக் கேட்டால், வழக்கம்போல, யார் டிரம் பெரியது என்ற சண்டையில் முடியும்.

பேனருக்குத் துணியும் பெயின்ட்டும் சிலர் வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வீணாக்க வேண்டாம். கோச்சின் பெயரை மட்டும் இப்போதைக்கு அதில் எழுதாதீர்கள். 'லீக் எப்போது?' என்று எழுதுங்கள். அதற்குத்தான் இந்த 2025 நவம்பர் வரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
கேலரியில் உங்களில் ஒருவன்